வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை

துணிக்கடை பில் கவுண்டரில் நின்றுகொண்டு போன் நம்பர் தர மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதுவரை ‘வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிக்கீங்களா சார்’ என்றிருந்த கடை சட்டென்று முகம் மாறும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஏதோ காசு கொடுக்காமல் துணியைத் தூக்கிக்கொண்டு போக வந்தவனைப் பார்க்கிற பார்வை ஒன்று கிடைக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அப்பாவுக்கு இரண்டு வேட்டி, எனக்கொரு சட்டை, அவ்வளவுதான். பில் போடுகிற பிள்ளை தலை நிமிராமலே கேட்டது.

"நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"பில்லுக்கு சார்."

"பில்லுக்கு ரூவா தந்தா போதாதா?"

அப்போதுதான் நிமிர்ந்தது. இருபது வயதுகூட இருக்காது. காலையிலிருந்து நின்றே வேலை பார்க்கிற களைப்பு கண்ணில் தெரிந்தது. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாயிற்று. அந்தக் கவுண்டருக்குள் ஒரு முக்காலிகூட இல்லை. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.)

"நம்பர் போடாம அடுத்த பக்கம் போவாது சார். சிஸ்டம் எடுக்காது."

சூப்பர்வைசர் வந்தார். "ஆஃபர் போட்டா மெசேஜ் வரும் சார், ஒங்களுக்கு நல்லதுதான" என்றார். எனக்கு எது நல்லது என்று வேட்டி விற்கிறவர் முடிவுசெய்ய வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றதால் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அந்தப் பிள்ளை கடகடவென்று பத்து ஒன்பதுகளைத் தட்டியது. பில் வந்து விழுந்தது. எடுக்காத சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

"டெய்லி ஒண்ணு ரெண்டு பேரு இப்பிடி வாராங்க சார்" என்று பையைக் கொடுக்கும்போது சொன்னது. குறைசொல்கிற குரல் இல்லை. கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

பொருள் வாங்குகிறவரிடம் போன் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்காதீர்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலிருந்தால் அதன் தப்பில்லை. ஆனால் அந்த மென்பொருளில் நம்பர் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்றைப் போட்டு, இதை நிரப்பாமல் நகரவிடாதே என்று எழுதினவர் ஒருவர் இருக்கிறார். அப்படி எழுதச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் கவுண்டர் பக்கமே வருவதில்லை. சண்டை நடக்கிற இடத்தில் எப்போதும் நானும் அந்தப் பிள்ளையும் மட்டும்தான்.

சோஷியல் மீடியா மேல் ஒரு எரிச்சல், போன் மேல் ஒரு எரிச்சல், கட்சிக்காரர்கள் மேல் ஒரு எரிச்சல் என்று தனித்தனியாகப் பட்டியல் வைத்திருந்தவன்தான் நான். இப்போது எல்லாம் ஒரே எரிச்சலாகத் தெரிகிறது. விளம்பரத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாரப் பத்திரிகைகளில் பாதிப் பக்கம் தைல விளம்பரமும் ஜவுளி விளம்பரமுமாக வந்த காலத்தில் படித்து வளர்ந்தவன். பக்கத்தைத் திருப்பினால் போய்விடும். மறுநாள் வீடு தேடி வந்து ‘நேற்று ஏன் திருப்பினீர்கள்’ என்று கேட்காது. இன்றைக்கு நான் வேண்டாம் என்று சொன்னால் அதை ஒரு பதிலாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

போன வருஷம் போன் மாற்றினேன். சுளையாகப் பதினெட்டாயிரம் ரூபாய். பெட்டியைப் பிரித்து ஆன் செய்ததும் கேள்விக்கணைகள். நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளட்டுமா, நீங்கள் எதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கம்பெனிக்கு அனுப்பட்டுமா, திரை பூட்டியிருக்கும்போது ‘சுவாரசியமான’ படங்கள் காட்டட்டுமா. ஒவ்வொன்றின் கீழும் பளிச்சென்ற நீலத்தில் ‘சரி’. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற சாம்பல் எழுத்தில், ‘பிறகு’. வேண்டாம் என்று சொல்லவந்தவனை ‘பிறகு’ என்று சொல்லவைத்து, அதையே வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அது மறுபடி வந்து நின்றது. அதற்கடுத்த வாரமும். பஸ் ஸ்டாண்டில் கைநிறையப் பை வைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட அவசரமாகத் தொடும்போது விரல் ‘சரி’யில் பட்டுவிட்டால் முடிந்தது. அதற்கு அப்புறம் அது கேட்பதே இல்லை. சரி என்றால் ஆயுளுக்கும் சரி. வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வரைக்கும் வேண்டாம்.

இதற்கெல்லாம் நம் நாட்டில் விதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’களை, அதாவது நம்மை ஏமாற்றிச் சரி சொல்லவைக்கிற திரை அமைப்புகளை, தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகைத் தில்லுமுல்லுகளை இனம் பிரித்திருக்கிறார்கள். நம் கூடையில் நமக்குத் தெரியாமல் நன்கொடையையோ இன்ஷூரன்ஸையோ சேர்ப்பது ஒன்று. சந்தாவில் சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டு என்று வைப்பது ஒன்று. விமான டிக்கெட்டில் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றால் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று நம்மையே ஒப்புக்கொள்ளவைத்து வெட்கப்பட வைப்பது இன்னொன்று. நச்சரிப்பதும் பட்டியலில் தனி வகையாக இருக்கிறது. இல்லை என்று சொல்ல வழியே தராமல் திரும்பத் திரும்ப நோட்டிபிகேஷனை ஆன் செய்யச் சொல்வதை அதற்கு உதாரணமாகவே எழுதியிருக்கிறார்கள். படித்தபோது யாரோ என் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினது போலிருந்தது. நெறிகள் வந்தபிறகும் என் போன் அதே சாம்பல் எழுத்தில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டிவி கதை இதைவிடப் பெரிது.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பழைய டிவி கண்ணை மூடினதும் தம்பி ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்தான். அப்பாவுக்குத் தேவை இரண்டே இரண்டு: காலையில் ராசிபலன், ராத்திரி செய்தி. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் எந்தச் சேனல் எந்த நம்பர் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் டிவியைப் போட்டால் செட்டாப் பாக்ஸ் படம் வராது. முகப்புத் திரை வரும். முகப்புத் திரை என்பது முழுக்கப் பட போஸ்டர்களும் நாம் கேட்காத வெப் சீரிஸும். அம்புக்குறியை நாலு தடவை வலப்பக்கம் தள்ளி, எச்டிஎம்ஐ என்று பொடியாக எழுதியிருக்கும் இடத்தில் நின்று, ஓகே அமுக்க வேண்டும். நடுவில் விரல் தப்பிக் கீழே இருக்கிற கலர் கலர் பொத்தான்களில் ஒன்றில் பட்டால், வேறொரு கடைக்குள் நுழைந்து அது சந்தா கட்டச் சொல்லும்.

"ஏல, நியூஸ் எங்கல?" என்று ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு போன் வரும்.

கடைசியாகப் பார்த்த இடத்திலேயே டிவி திறக்கட்டும் என்று ஒரு செட்டிங் இருப்பதைத் தேடிப் பிடித்துப் போட்டு வைத்தேன். கொஞ்ச நாள் நிம்மதி. ஒருநாள் டிவி தானாக அப்டேட் ஆகி, செட்டிங் காணாமல் போய், அப்பா பழையபடி போஸ்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். கூடவே புதிய விதிமுறைகள் என்று ஆங்கிலத்தில் பத்துப் பக்கம். கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே பொத்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தத் திரையைத் தாண்டிப் போகவே முடியாது. சர்வீஸ் நம்பருக்குப் போட்டால், "குடுத்துருங்க சார், எல்லாரும் அப்படித்தான் குடுக்காங்க" என்றார்கள். நம் வீட்டுச் சுவரில், நம் காசில் வாங்கி மாட்டின பெட்டி. அதில் செய்தி பார்க்க யாரோ ஒருவருடைய பத்துப் பக்க நிபந்தனையில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பத்துப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? பல ஸ்மார்ட் டிவிகளில் திரையில் என்ன ஓடுகிறது என்பதை அவ்வப்போது துண்டெடுத்து அடையாளம் கண்டு கம்பெனிக்கு அனுப்புகிற ஏற்பாடு உண்டு. கேபிளில் பார்த்தாலும், டிவிடி போட்டுப் பார்த்தாலும் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் சேகரித்தது என்று அங்குள்ள வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமாகப் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு டிவிக்கு இருபது சென்ட். அதன்பிறகு மற்ற கம்பெனிகள் இந்த வழக்கிலிருந்து என்ன கற்றுக்கொண்டன என்றால், பத்துப் பக்கம் எழுதி ஒப்புக்கொள்ளச் சொல்லக் கற்றுக்கொண்டன.

இந்த இடத்தில் எனக்குப் பெரியம்மா வீட்டு டிவி நினைவுக்கு வருகிறது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி தி.மு.க. அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி. அதற்கப்புறம் 2011-இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. இலவசத்தைக் காட்டி ஓட்டு வாங்குகிறார்கள் என்று அன்று எவ்வளவோ பேர் எழுதினோம். மிக்ஸியின் மேல் ஜெயலலிதா படம் இருந்தது, உண்மை. ஆனால் அந்த மிக்ஸி சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று ‘இந்த ஆட்சிக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்’ என்று கேட்டதில்லை. தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்று யாருக்கும் தகவல் சொன்னதில்லை. இலவசமாக வந்த மிக்ஸி பெரியம்மாவுக்குச் சொந்தமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கின டிவி எங்களுக்குச் சொந்தமாக இல்லை.

சரி, பொருள்தான் இப்படி. மனுஷர்கள்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லோருக்கும் உண்டு. காலை ஐந்தரைக்குத் தாமரைப்பூவில் குட்மார்னிங். ஏழு மணிக்கு, கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் புதிதாக முளைக்கும். எட்டு மணிக்குச் சித்தப்பா ஒரு கட்சி வீடியோ போடுவார். எட்டு அஞ்சுக்கு மச்சான் எதிர்க்கட்சி வீடியோ போடுவார். மதியத்துக்குள் இரண்டு பேரில் ஒருவர் ‘இந்தக் குரூப் குடும்ப விஷயத்துக்கு மட்டும்’ என்று எழுதுவார். சாயங்காலம் அவரே இன்னொரு வீடியோ போடுவார். தேர்தல் சமயத்தில் இது தாங்க முடியாமல் போய், ஒரு ராத்திரி குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். சத்தம் போடாமல்தான் வந்தேன். ஆனால் அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் சத்தம் போட்டுவிடும். இன்னார் விலகினார் என்று நடுக்கூடத்தில் எழுதி வைக்கும்.

காலையில் அத்தை போன். "ஏ ஐயா, நாங்க ஒனக்கு என்ன கொற வச்சோம்?"

"கொறயெல்லாம் இல்ல அத்தை. ரொம்ப மெசேஜ் வருது, அதான்."

"வந்தா என்ன? பாக்காம விட வேண்டியதுதான. நாங்கள்லாம் பாத்துட்டா இருக்கோம்?"

அத்தையைப் பொறுத்தவரை குரூப் என்பது படிப்பதற்கு இல்லை, இருப்பதற்கு. அது எனக்குப் புரிந்தது. மறுவாரம் மாமா மறுபடி சேர்த்துவிட்டார், ஒரு வார்த்தை கேட்காமல். 2019-இல் ‘யார் உங்களைக் குரூப்பில் சேர்க்கலாம்’ என்று ஒரு செட்டிங் வந்தது. 2022-இல் அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வெளியே போகிற வசதி வந்தது. எங்கள் குரூப்பில் அட்மின் மாமா. மேலும், விலகினவர் யார் என்ற பட்டியலை 60 நாள் வரைக்கும் குரூப்பில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நான் இன்னும் குரூப்பில்தான் இருக்கிறேன். மியூட்டில்.

இந்தக் கம்பெனிகளுக்கு வேண்டாம் என்பதற்கு ஒரு தடுப்பு வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அடித்துக் கொன்றது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி தேடி வந்த குடும்பம் அது. பிள்ளை பிடிக்கிற கும்பல் நுழைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றின புரளி அப்போது மாவட்டம் மாவட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி வரிசையாக உயிர்கள் போன பிறகு, ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் மாற்றியது. சில வாரங்களுக்குள் செய்து முடித்தார்கள். முடியாததாக இருந்ததில்லை. அதுவரை தேவைப்படவில்லை, அவ்வளவே.

மற்ற தளங்களில் ‘வேண்டாம்’ பொத்தான்கள் நிறையவே உண்டு. ஆர்வமில்லை, இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே, இதுபோன்றவற்றைக் குறைத்துக் காட்டு. நானும் பக்தியாக அமுக்குகிறவன். ‘கதறும் எதிர்க்கட்சி’, ‘கிழித்துத் தொங்கவிட்ட அந்த ஒரு கேள்வி’, ‘தரமான சம்பவம்’ என்று வாயைப் பிளந்த முகங்களோடு வருகிற அரசியல் வீடியோக்களை ஒவ்வொன்றாக வேண்டாம் என்பேன். நாளைக்கு அதே முகம் வேறு சட்டையில் வரும். எனக்குத்தான் கை ராசி இல்லையோ என்றிருந்தேன். மோசில்லா அமைப்பு 2022-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பயன்பாட்டை வைத்து யூடியூபில் இந்தப் பொத்தான்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று சோதித்துப் பார்த்தது. ‘சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பது வேண்டாத பரிந்துரைகளில் 43 சதவீதத்தைத்தான் தடுத்தது. ‘ஆர்வமில்லை’ வெறும் 11 சதவீதம். கோயில் உண்டியல் பக்கத்தில் மாட்டியிருக்கிற புகார்ப் பெட்டி மாதிரி. போட்டால் போட்டவருக்குத் திருப்தி.

பதில் சொல்லப் போனால் அது வேறு வம்பு. ஒரு கட்சியைப் பற்றி நாலு வார்த்தை குறைசொன்னால் இருநூறு ரூபாய் உபி, அதாவது காசுக்கு எழுதுகிற உடன்பிறப்பு. இன்னொன்றைச் சொன்னால் சங்கி. மூன்றாவதைச் சொன்னால் ‘தம்பிகள்’ வந்து என் பரம்பரையை விசாரிப்பார்கள். புதுக் கட்சியைச் சொன்னால் மாநிலம் முழுக்க இருக்கிற ரசிகர் மன்றம் வாசலுக்கு வந்துவிடும். எதிலும் சேரவில்லை என்றால் அதற்கும் ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத வாய் கூசும். இந்த நாலில் ஒன்றை டிக் செய்யாமல் தமிழ்நாட்டு இணையத்தில் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. சிஸ்டம் எடுக்காது.

2025 செப்டம்பர் 27 ராத்திரி கரூர் நெரிசல். 41 உயிர். பிள்ளைகள், தாய்மார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் அது யார் சதி என்று தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு தீர்ப்பு, அதற்கு ஒரு வட்டம் போட்ட வீடியோ. அந்த வீடியோக்களைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை. விரல் தள்ளும்போதே தானாக ஓடும். தரையில் வரிசையாகப் படுக்கவைக்கப்பட்டவர்களின் முகத்தை, அவர்கள் வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். பார்க்கட்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. காட்டட்டுமா என்று அவர்களைக் கேட்டிருக்கவும் வழியில்லை.

கட்சிகள் இந்தத் தொழிலைக் கம்பெனிகளிடம் கற்றுக்கொண்டனவா, கம்பெனிகள் கட்சிகளிடம் கற்றுக்கொண்டனவா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. 2014-இல் பா.ஜ.க. மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. சேருவது அவ்வளவு சுலபம். விலகுவதற்கு எந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பது என்று மட்டும் எந்த சுவரொட்டியிலும் பார்த்ததில்லை. 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகும், ‘விக்சித் பாரத்’ என்று பிரதமரின் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற, இந்தியக் குடிமக்களே அல்லாதவர்களுக்குக்கூடப் போனது என்று அப்போது பெரிய பேச்சு. தேர்தல் ஆணையம் மார்ச் 21 அன்று நிறுத்தச் சொன்னது. விதி வருவதற்கு முன்பே அனுப்பியாயிற்று, நெட்வொர்க் காரணமாகச் சிலருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்றது தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். எனக்குப் பிடித்த பதில் அது. நம்மூர் கொரியர் ஆபீஸ்காரர்கள் சொல்கிற பதில்.

இங்கே 2025 ஜூலையில் தி.மு.க.வின் ‘ஓரணியில் தமிழ்நாடு’. வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்க்கை, போனுக்கு ஓடிபி. ஓடிபி வாங்குவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அதில் தலையிட மறுத்துவிட்டது. அப்பா 1971-இல் முதல் ஓட்டுப் போட்டதிலிருந்து உதயசூரியன்தான். வேறு சின்னம் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. பேப்பரில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஓட்டு கேக்கட்டும், போடுதேன். ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னுல்லா பேங்க்ல சொல்லிருக்கான்" என்றார்.

2025 கடைசியில் மத்திய அரசின் முறை. ‘சஞ்சார் சாத்தி’ என்ற ஆப்பைப் புதுப் போன்கள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே போட்டுத்தான் விற்க வேண்டும், அதைச் செயலிழக்கச் செய்யும்படி இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவுகிற ஆப். நல்ல காரியத்துக்கான ஆப்தான், மறுக்கவில்லை. நல்லதென்றால் விரும்பினவர்கள் போட்டுக்கொள்வார்களே? கூச்சல் பெரிதானதும் அமைச்சர், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம் என்றார். உத்தரவில் அப்படி இல்லையே என்று எல்லோரும் எடுத்துக் காட்டினார்கள். 2025 டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ‘ஒங்களுக்கு நல்லதுதான சார்’ என்ற அந்தச் சூப்பர்வைசர் குரல் டெல்லி வரைக்கும் எட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி தேர்தல் வரும்போதெல்லாம் நோட்டா பேச்சும் வரும். வேண்டாம் என்பதற்கென்றே இந்தியாவில் அதிகாரபூர்வமாக இருக்கிற ஒரே பொத்தான் அதுதான். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லி வந்தது. அதை அமுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்க, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோட்டாவை அமுக்கினார்கள், பா.ஜ.க. வேட்பாளர் பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ. ஆர்.கே. நகரில் 2017 இடைத்தேர்தலில் நோட்டா 2,373 ஓட்டு வாங்கி, 1,417 வாங்கின பா.ஜ.க.வைத் தாண்டினது மீம் போடத்தான் பயன்பட்டது. ‘ஆர்வமில்லை’ பொத்தானுக்கு 11 சதவீதமாவது பலன் இருந்தது.

ஆனாலும் அந்தப் பொத்தானைக் கேலிசெய்ய எனக்கு மனசு வராது. அது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்திருக்கிறேன். 49-ஓ என்று ஒரு விதி இருந்தது, வாக்குச்சாவடிக்கு வந்து யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று பதிவுசெய்ய. பத்திரிகையாளர் ஞாநி அதைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார், அவர் எழுதித்தான் எங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும். 2011 சட்டமன்றத் தேர்தலில், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. விரலில் மை வைத்தாயிற்று. கையெழுத்துப் போடும் இடத்தில், "49-ஓ போடணும் சார்" என்றேன்.

அலுவலர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பெரிய அலுவலரைப் பார்த்தார். பெரியவர் ஏதோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக இருக்க வேண்டும், தேர்வறையில் பிட் அடித்தவனைப் பார்க்கிற மாதிரிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுக் கைப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். வரிசை நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏஜெண்டுகள் காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள். அந்த நிமிஷத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, எதையாவது ஒண்ண அமுக்கிட்டுப் போங்க, பின்னால ஆளு நிக்குல்லா" என்றார் ஒருவர். "எங்களுக்குப் போடாட்டாலும் பரவால்ல, அவங்களுக்காச்சும் போடுங்க" என்றார் மற்றவர், நிஜமான அக்கறையோடு. நான் அசையவில்லை. கடைசியில் பெரியவர் பக்கம் கிடைத்து, 17-ஏ பதிவேட்டில் என் பெயருக்கு நேராக வாக்களிக்க மறுத்துவிட்டார் என்று எழுத, நான் அத்தனை பேருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டேன். இரகசிய வாக்கெடுப்பு என்று வெளியே சுவரில் ஒட்டியிருந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றம் 49-ஓ செல்லாது என்றதற்கும் இந்த இரகசியம் உடைவதுதான் காரணம்.

சாயங்காலம் பால் வாங்கப் போனேன். பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. அத்தன பேரு நிக்கானுவ, ஒருத்தனக்கூடவா பிடிக்கல?"